சீட்டுக்கு அடியில் இருந்த மஞ்சள் கப்ளர்

கார் ஸ்பீக்கர் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, வயர் எப்படி இழுப்பது, ஆம்ப் எங்கே வைப்பது என்றெல்லாம் இதில் நான் எழுதப் போவதில்லை. அதையெல்லாம் உங்கள் போனிலேயே என்னைவிட நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அதற்கப்புறம் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்கிறேன். தப்பு வெட்கப்பட வேண்டியது. காரியத்தைப் பற்றி எனக்கு வெட்கம் இல்லை.

நான் பத்தாவது பெயில். பாடி மேம்பாலத்தை விட்டு இறங்கி தொழிற்பேட்டை எஸ்டேட் பக்கம் திரும்பும் ரோட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் கடை வைத்திருந்தேன். இப்போது கடை என் மனைவியின் தம்பி கையில் இருக்கிறது. நான் திருநின்றவூர் வீட்டில் பூஜை, பேரப்பிள்ளைகள், சாயங்காலம் கோயில் என்று இருக்கிறேன். ஆண்டவன் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை. இரண்டு காதும் இன்னும் நன்றாகக் கேட்கின்றன. இந்தத் தொழிலில் இருந்தவனுக்கு அதுவே பெரிய வரம்.

என் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை பழைய கார்கள். ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முந்தைய உருண்டை மூக்கு வண்டிகளைச் சிலர் இன்னும் வீட்டுப் பெண் மாதிரி வளர்க்கிறார்கள். அதற்குள் இந்தக் காலத்துப் பாட்டுச் சிஸ்டம் வைக்க வேண்டும், ஆனால் வைத்தது தெரியக் கூடாது. டேஷ்போர்டில் ஓர் ஓட்டை போட்டால் அந்த வண்டிக்கு மாற்று டேஷ்போர்டு உலகத்தில் எங்கும் கிடைக்காது. அதனால் துளைபோடும் மெஷினைக் கையில் எடுக்கவே பயப்பட வேண்டும்.

ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா அப்படி ஒரு கார் வைத்திருந்தார். வண்டியை விடும்போதே கையில் டார்ச் வைத்திருந்தார்.

"பாட்டு கேட்கணும், பாட்டுப் பெட்டி கண்ணுல படக் கூடாது. நான் நாப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவன். ஒரு ஸ்க்ரூ புதுசா இருந்தாலும் கண்டுபிடிச்சிடுவேன், ஞாபகம் வெச்சுக்கப்பா" என்றார்.

"ஐயா, டார்ச்சு இல்ல, எக்ஸ்ரே எடுத்தாலும் தெரியாது" என்றேன்.

சொன்னபடியே செய்தேன். பழைய ரேடியோவின் முகத்தை அப்படியே வைத்துவிட்டு வயிற்றை மட்டும் மாற்றினேன். ஸ்பீக்கர்கள் கால் வைக்கும் இடத்தில், ஏற்கெனவே இருந்த காற்றோட்டத் துளைகளுக்குப் பின்னால் ஒளிந்தன. மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் எனக்குத் துணையாக இருந்தது என் டெஸ்ட் பல்ப்.

உங்களில் சிலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு சின்ன பல்ப், அதிலிருந்து இரண்டு வயர். ஒன்றின் முனையில் க்ளிப், மற்றதன் முனையில் ஊசி. க்ளிப்பை பாடியில் மாட்டி, ஊசியால் எந்த வயரைக் குத்தினாலும் கரண்ட் இருந்தால் பல்ப் எரியும். பழைய வண்டியில் வயருக்கு மேல் துணி உறை சுற்றியிருக்கும். சிவப்பு, பச்சை எல்லாம் வெளுத்து ஒரே மண் நிறமாகிவிடும். சில வண்டிகளில் பாடியே பாசிட்டிவ், எல்லாம் தலைகீழ். அதையும் அந்த பல்ப்தான் சொல்லும். தப்பாகக் குத்தினால் அதிகபட்சம் ஒரு ஃப்யூஸ் போகும், அவ்வளவுதான். சாமிக்கு அடுத்தபடியாக நான் அந்த பல்பைத்தான் நம்பினேன். தப்பு அங்கேதான் தொடங்கியது.

ஐயாவின் வண்டி வேலை முடியும் தறுவாயில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, சரவணன் என்ற பையன் புத்தம் புது காரை ஓட்டிக்கொண்டு வந்தார். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். ஐ.டி. கம்பெனியில் வேலை, திருமுல்லைவாயலில் ஃப்ளாட். வண்டி வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. முன் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன.

"அண்ணே, நாளைக்கு விடிகாலையில ஊருக்குக் கிளம்புறோம். என் வொய்ஃப் திவ்யாவுக்கு வளைகாப்பு. ஏழு மணி நேரம் உக்காந்து வரணும். பாட்டு இல்லாட்டி அவளுக்கு வண்டியில உக்காரவே முடியாது. கம்பெனி ஸ்பீக்கரு தகர டப்பா மாதிரி கத்துது. சாயங்காலத்துக்குள்ள நல்லதா ஒண்ணு மாட்டிக் கொடுத்துருங்கண்ணே."

"வாரண்டி இருக்குது இல்ல சார்?"

"அதான்ணே வம்பே. வண்டி எங்க மாமனாரு வாங்கிக் கொடுத்தது. கொடுக்கும்போதே சொல்லிட்டாரு, வெளிய எவனையும் கை வைக்க விடாதீங்க மாப்ளேன்னு. அவரு கண்ணுக்குத் தெரியாம முடிச்சிருங்க."

"தெரியாம முடிக்கிறதுதான் சார் நம்ம தொழிலே" என்று ஐயாவின் காரைக் காட்டினேன். ரொம்பப் பெருமையாகத்தான் காட்டினேன்.

கதவு ஸ்பீக்கர் நான்கையும் மாற்றி முடித்தபோது மணி பன்னிரண்டரை. அடுத்து, முன் இருக்கையில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்கு அடியில் பேஸ் பாக்ஸ். தட்டையாக இருக்கும், வெளியே தெரியாது. அதற்குச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற லைன் ஒன்று வேண்டும். டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து முறையாக இழுத்து வந்தால் அரை மணி நேர வேலை. நான் சீட்டுக்கு அடியிலேயே ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். மூன்று வாரமாகப் பழைய வண்டிக்குள் இருந்த கை அது. மல்லாந்து படுத்து, சீட்டுக்குக் கீழே தலையை விட்டு, சாவியைப் போட்டுவிட்டு, டெஸ்ட் பல்பை எடுத்தேன்.

அங்கே ஒரு மஞ்சள் கப்ளர் இருந்தது. கப்ளர் என்றால் இரண்டு வயர்க் கட்டுகளைச் சேர்க்கும் பிளாஸ்டிக் பூட்டு. க்ளிப்பை பாடியில் மாட்டி அதில் ஊசியை விட்டேன். பல்ப் எரியவில்லை. சரி, இது எர்த்தாக இருக்குமோ என்று க்ளிப்பைக் கரண்ட் லைனுக்கு மாற்றி மறுபடி குத்தினேன். பல்ப் அரை நொடி மங்கலாக மினுக்கி அணைந்தது. மேலே டேஷ்போர்டில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

எழுந்து பார்த்தேன். மீட்டரில் சிவப்பாக ஒரு விளக்கு. ஓர் ஆள் உட்கார்ந்திருக்க, அவன் முன்னால் ஓர் உருண்டை. ஏர்பேக் விளக்கு. சாவியை எடுத்தேன், போட்டேன். மற்ற விளக்கெல்லாம் எரிந்து அணைந்தன. அந்த ஆள் மட்டும் போகவில்லை. பத்து தடவை போட்டுப் பார்த்தேன்.

கடையில் என்னோடு வேலை பார்த்த என் மச்சான் வந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமா, ஏர்பேக் லைட்டு நிக்காம எரியுது? எதுல ஊசி வெச்ச?"

"சீட்டுக்குக் கீழ. மஞ்சக் கப்ளர்ல."

"அடப்பாவி மாமா! மஞ்சக் கலரப் பாத்தா மகமாயின்னு கும்புட்டுட்டு நவுந்து போவணும். நீ போய் அதுல ஊசி குத்திகினு கீறியே!"

அவன் சொன்னது சரி. புதுக் கார்களில் ஏர்பேக் லைன் மஞ்சளில் வரும் என்பது எனக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்தது ஒரு பக்கம் இருந்தது, கை ஒரு பக்கம் போய்விட்டது. தெரியாதவன் பயத்தில் தள்ளி நிற்பான். தெரிந்தும் பழக்கத்தில் கை வைக்கிறவன்தான் ஆபத்தானவன். அன்றைக்கு அந்த ஆள் நான்.

மச்சான் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"விடு மாமா. அரிசி சைஸுக்கு ஒரு ரெசிஸ்டர். கப்ளர்ல வெச்சி டேப்பு சுத்திட்டா, கம்ப்யூட்டரு அந்தக் காத்துப் பை நல்லாத்தான் கீதுன்னு நெனச்சிக்கும். எரரை அழிக்கிற மிஷினு நம்மகிட்டயே கீது. அஞ்சு நிமிஷத்துல லைட்டு அணைஞ்சிடும்."

"பை வேல செய்யுமா?"

"எப்படி செய்யும்? அந்தப் பக்கத்து லைனே கட்டாயிடும் இல்ல? ஆனா அது யாருக்குத் தெரியப் போவுது? போய் இடிச்சாத்தான தெரியும். ஊர்ல பாதிப் பேரு இப்டித்தான் அணைச்சிக் குடுக்கறான்."

அவன் ஐயாவின் காரைக் கைகாட்டினான்.

"தோ நிக்குதே, அதுல பை கீதா? பெல்ட்டாவது கீதா? அதுல அந்த ஐயா பொண்டாட்டியக் குந்த வெச்சிகினு மாமல்லபுரம் வரிக்கும் போய்ட்டு வராரு. அதுக்கு மூணு வாரம் கற்பூரம் காட்டாத குறையா வேல செஞ்ச இல்ல? அவருக்கு இல்லாத பை இவருக்கு எதுக்கு? அவரு உயிரு இன்னா மட்டமா?"

தம்பிகளே, அவன் கேட்டதில் ஞாயம் இருப்பது போலவே தெரிந்தது. மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. கடைக்குள் திருவேற்காட்டு அம்மன் படம் இருக்கிறது. அதற்கு முன்னால் போய் நின்றேன். வெள்ளிக்கிழமை என்பதால் மாலை புதுசாக இருந்தது. தாயே, மூன்று மணி நேரத்தில் அந்தப் பையன் வந்து நிற்பான், எனக்கு ஒரு வழி காட்டு என்று கேட்டேன். பூ விழவில்லை, பல்லியும் சொல்லவில்லை. ஆனால் நின்றுகொண்டிருந்தபோது மனசில் ஒரு கேள்வி வந்தது. அந்த சீட்டில் நாளைக்கு யார் உட்காரப் போகிறார்கள்?

வளைகாப்புக்குப் போகிற பெண். ஏழு மாதம்.

அப்போதுதான் மச்சானுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் வந்தது. திரும்பிப் போய் அவனிடம் சொன்னேன்.

"டேய், அந்தப் பழைய வண்டி யாருக்கும் எந்த வாக்கும் குடுக்கலடா. எங்கிட்ட பை இல்ல, பெல்ட்டு இல்ல, பாத்துப் போன்னு தகரத்தைக் காட்டிகினு நிக்குது. அதனாலதான் ஐயா நாப்பதுக்கு மேல போறதில்ல. இந்தப் புது வண்டி அப்படி இல்ல. சாவி போட்டதும் லைட்டு எரிஞ்சி, தானே எல்லாத்தையும் பாத்துட்டு அணையுது. எல்லாம் சரி, நான் கீறேன், நீ போன்னு சொல்லுது. அத நம்பி அவரு நூறுல போவாரு. நாம ரெசிஸ்டர் வெச்சா, வண்டிய அந்தப் பொண்ணுகிட்ட பொய் சொல்ல வெக்கிறோம்."

"சரி மாமா. அப்ப கடைப் பேரு நாளைக்கு நாறும். அதுக்கு ஏதாவது ரெசிஸ்டர் கீதா?" என்றான். அவன் அப்படித்தான். ஆனால் ரெசிஸ்டர் டப்பாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டான்.

நாலு மணிக்கு சரவணனும் திவ்யாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அந்தப் பெண்ணை ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். மச்சான் எதிர்க்கடையில் மோர் வாங்கி வந்தான். நான் சரவணனைக் காருக்குப் பின்னால் கூட்டிப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. "தப்பு என்னோடது சார். செலவும் என்னோடது. சர்வீஸ் சென்டர்ல போட்டுத்தான் சரி பண்ணணும், நாலைஞ்சு நாள் ஆகும்" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"என்னண்ணே சொல்றீங்க? நாளைக்குக் காலையில வளைகாப்புக்குக் கிளம்பணும். பழைய காருக்கெல்லாம் பெரிய டாக்டர்னு சொன்னாங்கன்னுதானே உங்ககிட்ட வந்தேன்? மூணு மாசத்து வண்டியைக் கொன்னு வெச்சிருக்கீங்க!"

"ஆமா சார்."

"ஆமாங்கிறீங்க! மாமனார் மொத வேலையா வண்டியில ஏறித்தான் உக்காருவாரு. அந்த லைட்டு அவர் கண்ணுலதான் மொதல்ல படும். ஏற்கெனவே என்னை மனுசனா மதிக்கிறதில்ல." பிறகு என் பக்கம் நெருங்கி வந்தார். "அண்ணே, இதை அணைக்க வழி இருக்குன்னு நெட்ல பாத்திருக்கேன். என்னமோ ஒரு சின்ன பார்ட்டு வெச்சு. உங்களால முடியுமா?"

"முடியும் சார். அதால லைட்டு மட்டும்தான் அணையும். பை வேல செய்யாது."

"அது போதும். நான் எம்பதுலயே போறேன். ஊருக்குப் போயிட்டு வந்து சரி பண்ணிக்கலாம். அணைச்சுக் கொடுங்க."

கவனியுங்கள், பிள்ளைகளே. நான் மறைக்கக் கூடாது என்று முடிவு பண்ணிச் சொல்லிவிட்டேன். இப்போது வண்டிக்காரரே மறைக்கச் சொல்கிறார். கஸ்டமர் கேட்டார், செய்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். கடைப் பேரும் தப்பும். தொழிலில் உண்மையான சோதனை இப்படித்தான் வரும். திருடன் வேஷத்தில் வராது. பாவமாக, கையைப் பிடித்துக்கொண்டு, 'அண்ணே' என்று கூப்பிட்டுக்கொண்டு வரும்.

"அணைக்கிறேன் சார். அந்த சீட்டுல உக்காரப் போறவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு அணைக்கிறேன்" என்றேன்.

"யாரு, திவ்யாகிட்டயா? அவகிட்ட எதுக்கு? வண்டி என்னோடது, சொல்றது நான். சொன்னதைச் செய்யிங்க."

"வண்டி உங்களுதுதான் சார். ஆனா நாளைக்கு அந்த சீட்டுல நீங்க உக்காரலியே."

"என் குடும்பத்துல சண்டை மூட்டறதுதான் உங்க வேலையா?" அவர் குரல் உயர்ந்துவிட்டது.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. திவ்யா இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். "என்னங்க? என்ன சண்டை?"

சரவணன் தரையைப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணிடம், "அம்மா, சீட்டுக்குள்ள இருக்கற ஏர்பேக் லைனை நான் கெடுத்துட்டேன். இடிச்சா அது விரியாது. மத்த பைங்க விரியுமான்னும் எனக்கு உறுதியாத் தெரியாது. ஒரு லைட்டு எரிஞ்சிகினு கீது. பையைச் சரி பண்ணாம லைட்டை மட்டும் அணைக்க வழி இருக்கு. அணைக்கட்டுமா, வேணாமா, நீங்க சொல்லணும்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தார்.

"நீங்க அணைக்கச் சொன்னீங்களா?"

சரவணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கப்பாவுக்குப் பயந்தா?"

"திவ்யா, உனக்குத் தெரியாது. அவர் எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை..."

"தெரியும். இருபத்தாறு வருசமா நான்தான் அவர்கிட்ட வார்த்தை வாங்கிட்டிருக்கேன்." போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார். "அப்பா, நாங்க வாடகைக் கார்ல வர்றோம். நம்ம வண்டி ரிப்பேரு. ஆமா, புது வண்டிதான். பாட்டு பாக்ஸ் மாட்டப் போயி ஏர்பேக்ல கோளாறு ஆயிருச்சு."

போனிலிருந்து ஒரு கனமான குரல் வந்தது. "நான் அப்பவே சொன்னேனா இல்லையா? மாப்ளைக்கு அறிவு வேணாம்? எங்க அவரு, கொடு போனை!"

"அவரு வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் அடம் பிடிச்சு மாட்டச் சொன்னேன். வளைகாப்புக்கு வர்ற பொண்ணைத் திட்டாதீங்கப்பா, ஊரு சிரிக்கும்."

"சரி, பாத்து வாங்க" என்று அந்தப் பக்கம் குரல் இறங்கியது.

அந்தப் பெண் சொன்னது பொய்தான். காலையில் அடம் பிடித்து வந்தவர் சரவணன். ஆனால் அந்தப் பொய்யால் யார் உயிருக்கும் கேடு இல்லை. ஒரு மனுஷனுக்கு மாமனார் வீட்டில் தலை நிமிர்ந்து நிற்க இடம் கிடைத்தது. அம்மன் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டாள் என்று என் நம்பிக்கை.

போனை வைத்துவிட்டு அவர் புருஷனிடம், "இதுக்குப் பரிகாரம், இனி வண்டியில என்ன பாட்டுங்கறதை நான்தான் முடிவு பண்ணுவேன். காலேஜ் காலத்துக் குத்துப் பாட்டெல்லாம் மூட்டை கட்டிருங்க" என்றார். சரவணனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மச்சான் பின்னால் நின்று சிரித்துவிட்டான்.

எனக்குத் தெரிந்த ஒரு டிரைவரின் காரை வரவழைத்து நின்று பார்த்தேன். அதில் சாவியைப் போட்டு, விளக்கு எரிந்து அணைகிறதா என்று நானே குனிந்து பார்த்தேன். "இன்னா அண்ணாத்தே, எங்க வண்டிய ஆர்.டி.ஓ. மாதிரி செக் பண்ற?" என்று அந்த டிரைவர் கிண்டல் பண்ணினார். பண்ணட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் விடிகாலையில் அவர்கள் அந்த வண்டியில் ஊருக்குப் போனார்கள்.

நான் அவர்கள் காரை ஓட்டிக்கொண்டு, வேலப்பன்சாவடி பக்கம் நெடுஞ்சாலையில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். எவ்வளவோ வண்டி ஓட்டியிருக்கிறேன். அன்று போல் பயந்து ஓட்டியதில்லை. வழி முழுக்க அந்தச் சிவப்பு ஆள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கே கவுண்டரில், "வெளியில யாராவது கை வெச்சாங்களா?" என்று கேட்டார்கள்.

"நான்தான் வெச்சேன். டெஸ்ட் பல்ப் வெச்சேன்" என்றேன். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வயசில் அப்படித் தலைகுனிந்து நிற்பது கஷ்டமாகத்தான் இருந்தது. அது வாரண்டியில் வராது என்று எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

வண்டியைப் பார்த்த டெக்னீஷியன் ஒரு பெண். இருபத்தைந்து வயசு இருக்கும், என் கடைசி மகளைவிடச் சின்னவள். கம்ப்யூட்டரை மாட்டி, சீட்டைக் கழற்றி, அரை மணி நேரம் பார்த்தாள். சீட்டுக்குள் இருக்கிற பையையே மாற்ற வேண்டும் என்றாள். பிறகு கேட்டாள்.

"சார், பல்ப் வெச்சப்போ உங்க தலை எங்க இருந்துச்சு?"

"சீட்டுக்கு அடியிலதான்மா. மல்லாந்து படுத்துகினு இருந்தேன்."

அவள் சீட்டின் பக்கவாட்டுத் தையலைக் காட்டினாள். "பை இந்த வழியாத்தான் கிழிச்சிக்கிட்டு வரும். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடும். உங்க பல்ப்ல போன கரண்ட் இன்னும் கொஞ்சம் கூட இருந்திருந்தா..." அதோடு நிறுத்திவிட்டாள். "பேட்டரியைக் கழட்டி வெச்சிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் சார் நாங்களே சீட்டுக்கு அடியில கை விடுவோம்."

நான் அங்கிருந்து நேராகத் திருவேற்காடு போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். அம்மனிடம் வழி கேட்டேன், வழி காட்டினாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பே உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வழி காட்டியிருக்கிறாள்.

ஐயாவின் வண்டியை அந்த வாரமே கொடுத்தேன். டார்ச் அடித்து ஒரு மணி நேரம் தேடினார், ஒன்றும் கிடைக்கவில்லை. மறைப்பது தப்பா என்று என்னைக் கேட்டால், இல்லை என்பேன். ஸ்பீக்கரை மறைக்கலாம், வயரை மறைக்கலாம், ஸ்க்ரூவை மறைக்கலாம், அதுதான் நம் கைத்திறமை. ஒரு வண்டி தன்னில் உட்காருகிறவருக்குச் சொல்லும் எச்சரிக்கையை மட்டும் மறைக்கக் கூடாது. சாவி கொடுக்கிறவர் ஒருவராக இருக்கலாம். சீட்டில் உட்காருகிறவர் வேறொருவராக இருக்கலாம். இரண்டு பேருக்கும் நீங்கள் வேலைக்காரர்தான்.

சரவணன் மனைவியை அம்மா வீட்டில் விட்டுவிட்டு அடுத்த சனிக்கிழமை தனியாகத் திரும்பினார். அதற்குள் வண்டி சரியாகி வந்துவிட்டது. பேஸ் பாக்ஸை டிக்கிக்கு மாற்றி, லைனை டேஷ்போர்டிலிருந்தே முறையாக இழுத்து, வேலையை முடித்து வைத்திருந்தேன். அவர் என்னிடம் அதிகம் பேசவில்லை. கோபம் இன்னும் கொஞ்சம் இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். நான் ஒரு பக்கக் கதவிலும் மச்சான் மறு பக்கக் கதவிலும் சாய்ந்து நின்றோம். சாவியைத் திருப்பினார். எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன. ஒவ்வொன்றாக அணைந்தன. சிவப்பு ஆள் மட்டும் இன்னும் உட்கார்ந்திருந்தான். மூன்று பேரும் அவனையே பார்த்தோம். மச்சான் வாய்க்குள் மகமாயி என்று சொன்னது எனக்குக் கேட்டது.

அணைந்தது.

அந்த நேரம் பார்த்து சரவணனின் போன் அடித்தது. போன் வண்டியோடு சேர்ந்திருந்ததால் திவ்யாவின் குரல் நான்கு கதவிலிருந்தும் பக்கத்தில் நின்று பேசுவது போல வந்தது.

"என்னங்க, வண்டியை எடுத்துட்டீங்களா? லைட்டு?"

"அணைஞ்சிருச்சு."

"தானா அணைஞ்சதா, யாராச்சும் அணைச்சாங்களா?"

சரவணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். கடைக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

"தானாத்தான் அணைஞ்சது. அண்ணன் ரெண்டு கையையும் கட்டிட்டு நிக்கிறாரு."

"அப்ப சரி. முன் சீட்டு என்னோடது. நான் வர்ற வரைக்கும் உங்க ஃப்ரெண்டுங்க ஒருத்தரையும் அதுல உக்கார வைக்காதீங்க."